யாரும் எடுத்துக்காட்டாத கட்டுரை

நேற்று நாம் கட்டுரை எழுதிய அந்தப் பழைய மருத்துவப் பத்திரிகையின் அலுவலகத்திலிருந்து ஒரு டப்பா மைசூர்பாகு வந்தது. திறந்ததும் கே.கே. நகர் வீடு முழுக்க நெய் வாசனை. கொரோனா பற்றி அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளை உலகமெங்கும் மற்ற டாக்டர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோளாக எடுத்துக்காட்டுகிறார்களாம். அதனால் பத்திரிகையின் மதிப்பு ஒரேயடியாக ஏறிவிட்டதாம். ஒரு துண்டை வாயில் போட்டேன். உன் ஞாபகம் வந்துவிட்டது. டப்பாவை மூடிவைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்துக்குப் பின் மூளைக்காய்ச்சல் பரவி, நாம் இருவரும் டாக்டர்களாக இருந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நிரம்பி வழிந்ததே. அப்போது அவசர அவசரமாக அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதே இதழில்தான் நீ வருஷக்கணக்காக உழைத்த கட்டுரையும் வந்தது. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைக் காலைக் காப்பியோடு விழுங்குவதால் அது உடம்பில் ஒட்டுவதில்லை, மத்தியானம் எலுமிச்சைச் சாறோடு கொடுத்தால் ரத்தம் ஊறுகிறது என்று, பாலக்கரையில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்து எழுதியிருந்தாய். நான் பொறுமையாக ஒரு வீட்டுக்குக்கூட வந்ததில்லை.

மூளைக்காய்ச்சலைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்காட்டினார்கள். என்னுடையதும் கிடைத்தது. பிரதி கேட்டு வெளிநாடுகளிலிருந்து தபால் அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் எனக்குத்தான். நீதான் கொண்டுவந்து என் மேஜையில் போடுவாய்.

“இந்தாடி, இன்னைக்கும் உன்னைப் பொண்ணு கேட்டு வந்திருக்கு. ஜெர்மனி மாப்பிள்ளை.”

நான் சிரித்தால், “ரொம்ப ஆடாத. இது பேரு இல்ல, காய்ச்சல். தானா இறங்கிடும்” என்பாய்.

நீ சொன்னபடியே இரண்டு வருஷத்தில் அட்டைகள் நின்றுபோயின. ஆனால் அதற்குள் தாய்-சேய் நலப் பிரிவின் தலைமைப் பதவிக்கு இன்டர்வியூ வந்துவிட்டது. இருந்தது ஒரே இடம். நாம் இருவரும் விண்ணப்பித்திருந்தோம். அது கிடைத்தால் சுற்றியுள்ள சுகாதார நிலையங்களிலெல்லாம் மாத்திரை கொடுக்கும் முறையையே மாற்றிவிடலாம் என்று, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அது ஒரு பதவி உயர்வு, அவ்வளவுதான்.

தேர்வுக் குழுவில் மூத்தவர் சொன்னார்: “உங்க கட்டுரைய எங்கெங்கேயோ எடுத்துக்காட்டியிருக்காங்க டாக்டர். அவங்களத ஒருத்தர்கூடத் தொடலையே.”

தொற்று பரவிய காலத்தில் டாக்டர்கள் அதைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை, அந்த எண்ணிக்கையை வைத்து எங்களை எடை போடாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாத விஷயமா அது? “தேங்க் யூ சார்” என்றேன்.

வெளியே வந்ததும் பதவி எனக்குத்தான் என்று என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாய். “ட்ரீட் எங்கடி?” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் வேலையை விட்டு, பாலக்கரையில் சின்னதாக ஒரு கிளினிக் போட்டாய். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எலுமிச்சைச் சாறோடுதான் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று எல்லாச் சுகாதார நிலையங்களுக்கும் உத்தரவு அனுப்பினேன். கீழே என் கையெழுத்து. உன் பெயரை எங்கும் போடவில்லை. கேள்விப்பட்டு நீ சந்தோஷப்பட்டாய். “யார் சொன்னா என்னடி, மாத்திரை உடம்புல ஒட்டினா சரி” என்றாய். அந்த வார்த்தையை எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். எண்பதுகள் முடிவதற்குள் நீயே போய்விட்டாய். உன் கல்லறைக்கு வந்து நின்ற அன்றும் மனசுக்குள்தான் மன்னிப்புக் கேட்டேன்.

இந்த வயதிலும் வாரம் ஒரு நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போகிறேன். இன்று அங்கே ஒரு கர்ப்பிணியிடம் இளம் டாக்டர் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: “காப்பியோட போடாதீங்கம்மா. மத்தியானம் எலுமிச்சை ஜூஸோட போடுங்க.” பிறகு பக்கத்தில் நின்ற புது மாணவியிடம் திரும்பி, “இது நம்ம மேடத்தோட மெத்தட்” என்றாள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உன் பெயர் தொண்டைவரை வந்தது.

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.