பேக்கரிக்காரருக்கு எழுதிய அறிக்கை

மார்ச் 3, திங்கள்
கணக்கியலில் முதல் வகுப்பு வாங்கி, தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்த எனக்கு இன்று பெரிய நாள். என் முதல் சொந்த அறிக்கை பேக்கரிக்காரருக்குப் போயிற்று. மனிதர் இரண்டாவது கடை திறக்கத் துடிக்கிறார். லாபம் இருக்கிறது, கையில் பணம் இல்லை. ஹோட்டல்கள் ரொட்டியை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடிக்கின்றன. இதில் புதுக்கடை வாடகையும் சேர்ந்தால் இருக்கிற கடையும் படுத்துவிடும். அதை “நடப்பு மூலதனச் சுழற்சியில் காணப்படும் அழுத்தங்கள் கருத்தில் கொள்ளத்தக்கவை” என்று எழுதியிருக்கிறேன். படித்துப் படித்து நானே சொக்கிப்போனேன்.

மார்ச் 5, புதன்
அலுவலகத்துக்குப் பெரிய கேக் வந்தது. பின்னாலேயே பேக்கரிக்காரரின் ஃபோன்.

“அருமையா எழுதியிருக்கேம்மா! கடைசிப் பக்கத்துல ‘வளர்ச்சிக்கு நல்வாழ்த்துகள்’னு போட்டிருந்தியே, கண்ணு கலங்கிடுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுக்கடைக்குக் கையெழுத்து.”

ஐயோ.

மேலாளர் வாய் நிறைய கேக்கோடு, “நீயே நேர்ல போய்ச் சொல்லு” என்றார்.

“என்னன்னு சார்?”

“அதான், பன்னிரண்டு பக்கத்துல சொல்லாம விட்டதை.”

எனக்குக் கேக் இறங்கவில்லை. சரி, ஒரு துண்டு இறங்கியது.

மார்ச் 6, வியாழன்
தம்பியைப் பேக்கரிக்காரராக உட்காரவைத்து ஒத்திகை. “உங்கள் பணப்புழக்க நிலையை நோக்கும்போது...” கொட்டாவி விட்டான். மறுபடி ஆரம்பித்தேன். ஃபோனை எடுத்துவிட்டான்.

“அக்கா, அவரு கடை திறக்கலாமா, கூடாதா?”

“கூடாது.”

“இதை முதல்லயே சொல்லித் தொலைக்கவேண்டியதுதானே!”

‘கூடாது’ என்று எந்தப் பரீட்சையிலும் நான் எழுதியதில்லை. எழுதினால் மதிப்பெண் கிடைத்திருக்குமா?

மார்ச் 7, வெள்ளி
சொல்லிட்டேன். அடுப்புப் பக்கத்துல, கையெல்லாம் மாவா நின்னுக்கிட்டிருந்தார். “கையெழுத்துப் போடாதீங்க. போட்டா இந்தக் கடையும் போயிடும். ஹோட்டல்காரங்ககிட்ட முதல்ல பணத்தை வாங்குங்க” — ஒரே மூச்சுல.

அவர் முகம் விழுந்துபோச்சு. “அப்ப கேக்கை எதுக்குத் தின்னீங்க?”

பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தேன். கையெழுத்துப் போட்டிருப்பாரோ?

மார்ச் 11, செவ்வாய்
ஒரு தகவலும் இல்லை.

மார்ச் 19, புதன்
மேலாளர் கூப்பிட்டார். பேக்கரிக்காரர் கையெழுத்துப் போடவில்லையாம். நாளை பெரிய ஹோட்டல் முதலாளியிடம் பாக்கியைக் கேட்கப் போகிறார்; கணக்கை எடுத்துச் சொல்லத் துணைக்கு ஆள் வேண்டுமாம். தானே வருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார்.

“நீங்க வேணாம் சார், நீங்க பதமா பேசுவீங்க. அந்தப் பொண்ணை அனுப்புங்க” என்றாராம்.