ஊசி என் கையில்தான் இருந்தது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா, அக்கா, அவள் பெற்ற வாலு, நான் எல்லோரும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குக் கிளம்புகிறேன். போனில் கேட்டால் "ம், நல்லா இருக்கேம்மா" என்று முடித்துவிடுகிறாய். இந்த முறை சொல்ல வேண்டியது போனில் சொல்கிற விஷயம் இல்லை, நான் வாயைத் திறந்ததும் நீ சரிம்மா சரிம்மா என்பாய், எனக்கும் அழுகை வந்துவிடும். முதலில் கம்ப்யூட்டரில்தான் அடிக்க ஆரம்பித்தேன், இத்தனை வருஷம் கல்லூரி ஆபீஸில் அடித்துப் பழகிய கை, இரண்டு வரியிலேயே சுற்றறிக்கை மாதிரி ஆகிவிட்டது. அதனால் கையால் எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் படி ஏறாதீர்கள் என்றார், இவர் படிதானே ஏறக் கூடாது என்று ஏணியில் ஏறி மின்விசிறி துடைக்கிறார். வாலுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரித்தால் வாசல் கதவு திறந்த மாதிரி இருக்கிறது, மாமாவிடம் காட்ட வேண்டும் என்று தினமும் போனைப் பிடுங்குகிறாள். அக்காவுக்குக் காலை ஷிப்டு மாற்றியிருக்கிறார்கள், குழந்தையைப் பள்ளிக்கு விடுவது இப்போது அப்பாவின் பொறுப்பு. இதெல்லாம் நல்ல செய்தி. இதோடு நிறுத்திவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் ஆபீஸ் கவுண்டரில் சான்றிதழ் வாங்க நீளமாக வரிசை நின்றது. வெளியே கூரை விளிம்பில் ஒரு குளவிக்கூடு, எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் யாரும் எடுக்கவில்லை. வரிசையில் நின்ற முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தியைக் குளவி கழுத்தில் கொட்டிவிட்டது. முதலில் அவள் சிரித்தாள், பக்கத்தில் இருந்தவளிடம் "என்னையே தேடி வந்து கடிக்குது பாரு" என்று கேலி பேசினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது, உதடு வீங்கியது, தொண்டையைப் பிடித்துக்கொண்டு செருமினாள். அந்தச் செருமல் எனக்குத் தெரியும். ஆறு வயதில் எதிர்வீட்டுப் பிறந்தநாளில் முந்திரி போட்ட கேக்கைத் தின்றுவிட்டு நீ செருமினது அப்படித்தான். அவள் தரையில் உட்காரும் முன்பே நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

எங்கே ஓடினேன் என்று கேள். இரண்டு வருஷத்துக்கு முன் உன்னைச் சேர்க்க வந்தபோது உங்கள் கல்லூரி கொடுத்த கையேட்டில் ஒவ்வாமை அவசரச் சிகிச்சை விதிகள் என்று ஒரு முழுப் பக்கம் இருந்ததே, அதைப் படித்ததும் என் நெஞ்சில் இருந்த கல்லை இறக்கிவைத்தது போல இருந்தது, உன்னிடமும் சொன்னேன், பாருடா, எல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள் என்று. அடுத்த மாதமே எங்கள் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்தது, அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்டார்கள், முதல்வர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கத்தை அப்படியே அடித்து, கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். அதில் ஊசிப் பெட்டி உணவகத்தின் கிழக்கு வாசலருகே இருக்க வேண்டும் என்று ஒரு வரி. எங்கள் உணவகத்துக்கு ஒரே வாசல்தான், அது மேற்கே பார்த்தது. பெட்டி வந்தபோது ஸ்டோர்கீப்பர் எங்கேம்மா மாட்டுறது என்று கேட்டார், கிழக்கே என்ன இருக்கிறதோ அங்கே மாட்டுங்கள் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். கிழக்கே இருந்தது பதிவேட்டு அறை. உணவகத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மைதானமே இருக்கிறது, அறைக்குப் பூட்டு உண்டு, சாவி என்னிடம். இப்படித்தான் அந்தப் பெட்டிக்கு நான் காவல் ஆனேன்.

பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். நாம் வீட்டில் பேனா என்று சொல்வோமே, அதே பேனா ஊசிதான். மூடியைக் கழற்றக் கை போனபோது சூப்பரின்டெண்ட் குறுக்கே வந்து, "அந்தப் பொண்ணு பேரு லிஸ்ட்ல இருக்காம்மா" என்று கேட்டார். ஒவ்வாமை உண்டு என்று டாக்டர் கடிதம் கொடுத்துப் பதிவு செய்த மாணவருக்கு மட்டும், பயிற்சி பெற்ற ஊழியர் மட்டும் போடலாம் என்பது விதி. அவளைக் குளவி கொட்டியதே அன்றைக்குத்தான், பதிவு எங்கே இருக்கும். பயிற்சி பெற்றவர்கள் பட்டியலில் மூன்று பேர், நர்ஸ் அன்று வெளியே கூட்டத்துக்குப் போயிருந்தார், விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார், நூலகர் ஓய்வு பெற்று வருஷம் ஒன்று. பட்டியலைப் புதுப்பிக்க வேண்டியவளும் நான்தான். சூப்பரின்டெண்டைக் கெட்டவர் என்று நினைக்காதே, அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டே, "ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது, முதல்வர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்றார். முதல்வர் போன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். ஆம்புலன்சுக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் தோழி என் புடவையைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி கையில வச்சிருக்கீங்களே, போடுங்க ஆன்ட்டி" என்று கத்தினாள்.

நான் போடவில்லை கண்ணா.

உனக்கு இரண்டு தடவை போட்ட கை இது. ஒரு தடவை பேருந்தில், ஒரு தடவை உன் பள்ளி வாசலில். தொடையின் வெளிப்பக்கம் அழுத்திப் பத்து எண்ண வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவும் வேண்டாம், நானே முன்வந்து போட்டிருக்கலாம். ஆனால் விதியில் 'மட்டும்' என்ற சொல்லை இரண்டு இடத்தில் அடித்தவள் நான், அது கண் முன்னால் நின்றது, என் பெயர் பட்டியலில் இல்லை என்று அதுவரை தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. ஆறு நிமிஷமோ ஏழு நிமிஷமோ மரம் மாதிரி நின்றேன். ஆம்புலன்ஸில் வந்தவன் என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி ஒரு நொடியில் போட்டான், போட்டுவிட்டு நிமிர்ந்து, "கையில வச்சுக்கிட்டு என்னம்மா வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை, அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், நான்கு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தாள். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. அடுத்த வாரம் அவள் அம்மா ஆபீசுக்கு வந்தாள், என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் ஓடிப் போய் ஊசி எடுத்துட்டு வந்தீங்களாமே, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். தலையை ஆட்டினேன். உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவர், "தப்புன்னு சொல்லவும் வாய் வரல, சரின்னு சொல்லவும் வாய் வரல" என்றார். அதற்கப்புறம் அவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

உனக்கு ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், அந்தப் புதன்கிழமைக்கு முந்தின வாரம் நீ கல்லூரியிலிருந்து வீடியோவில் பேசினாயே, உன் அறைத் தோழன், அந்தக் கண்ணாடிக்காரப் பையன், குறுக்கே வந்து, "ஆன்ட்டி, இவன் பேனாவ ரூம் ஷெல்ஃப்லயே வச்சுட்டு வந்துட்டான்" என்று விளையாட்டாகக் காட்டிக் கொடுத்தான். நான் கேட்டதற்கு நீ, "கேன்டீன் கிட்டயே பெட்டி இருக்கும்மா, நீதானே சொன்னே" என்றாய். ஆமாம், நான்தான் சொன்னேன். அன்றைக்கு அதைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டேன். குளவி கொட்டின பிறகு அந்த வார்த்தை என்னை உட்காரவிடவில்லை. நேரே உங்கள் கல்லூரி ஆபீசுக்கே போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார், குரலைக் கேட்டால் என் வயதுதான் இருக்கும், என்னைப் போலவே பக்கத்தில் ஒரு பிரிண்டர் கரகரவென்று ஓடுகிறது. என் பிள்ளை உங்களிடம் படிக்கிறான், ஒவ்வாமை ஊசி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பொறுமையாகக் கையேட்டை எடுத்துப் படித்தார், அவர் படிக்கப் படிக்க என் உதடும் கூடவே அசைந்தது, எனக்கு மனப்பாடம் ஆயிற்றே. கிழக்கு வாசல் என்றதும் நிறுத்தி, அது கேன்டீனில் எந்தப் பக்கம் அம்மா என்று கேட்டேன். தாளை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு சிரித்துவிட்டார். "எங்க கேன்டீனுக்குக் கிழக்க வாசலே கிடையாதும்மா, இத நாங்க வேற ஒரு காலேஜ்ல இருந்து எடுத்துப் போட்டது, அங்க இருக்கும்போல" என்றார். பெட்டி யார் அறையிலோ அலமாரியில் இருக்கிறதாம், சாவியைக் கேட்டுச் சொல்கிறாராம், பயிற்சி பெற்றவர்கள் பட்டியல் பழையதாம். இரண்டு வருஷமாக நான் எதை நம்பித் தூங்கினேன் என்று பார். முதலில் இதை எழுதினவர் யாரோ, அவருடைய உணவகத்துக்காவது கிழக்கே ஒரு வாசல் இருந்ததோ என்னமோ.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நல்ல மனுஷி. உனக்கு ஏதாவது ஆனால் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவருவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எடுத்துவந்து கையில் வைத்துக்கொண்டு நிற்பார். யாருக்காவது போன் போடுவார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே முதல்வர் விதியைத் திருத்தி எழுதிக் கொண்டுவரச் சொல்லி என் மேஜையிலேயே வைத்துவிட்டார். நான் நர்ஸைக் கூட்டி வைத்துக் கேட்டேன், ஒவ்வாமையால் மூச்சு முட்டினால் பட்டியல் பார்க்காமல் பக்கத்தில் இருக்கிறவர் போட வேண்டும், ஊசி பூட்டில் இருக்கக் கூடாது, எல்லா ஊழியருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை நான்கே வரியில் எழுதிக் கொடுத்தேன். சூப்பரின்டெண்ட் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா யார் மேலயும் பழி வராத மாதிரி கொஞ்சம் பாத்து எழுதுங்கம்மா" என்றார். சட்ட ஆலோசகருக்குப் போயிற்று. அவர் பென்சிலால் 'உரிய அதிகாரியின் ஒப்புதலோடு' என்று சேர்த்து அனுப்பினார். அடித்தேன். கல்லூரி நிர்வாகக் குழுவுக்குப் போயிற்று, அங்கே இன்னும் இரண்டு 'மட்டும்' சேர்ந்தது. அதையும் அடித்தேன். மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன் கண்ணா, ஒரு தடவை குரலைக்கூட உயர்த்தினேன், எல்லோரும் எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். இப்போது ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது. எழுத்துப்பிழை இல்லாமல் அழகாக இருக்கிறது. என் நான்கு வரியைத் தேடினால் கிடைக்காது. பூட்டு மட்டும் போயிற்று, அதுவும் ஸ்டோர்கீப்பர் நான் சொன்னதற்காக யாரிடமும் கேட்காமல் கழற்றிப் போட்டது.

நீ எனக்காக இதைச் செய். பேனாவைச் சட்டைப் பையிலோ தோள்பையிலோ எதிலோ வைத்துக்கொள், கழிவறைக்குப் போனாலும் கூட இருக்கட்டும், யார் கேலி செய்தாலும் செய்யட்டும். அதில் தேதி போட்டிருக்கும், முடிந்துவிட்டதா என்று இன்றைக்கே பார். கண்ணாடிக்காரப் பையனை உட்கார வைத்து எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடு, யாரிடமும் கேட்காமல் போடச் சொல், போட்ட பிறகு ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல், ஆன்ட்டி சொன்னாங்க என்று சொல். கேக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்படாதே. நான் பக்கத்தில் இருந்தாலும் என்ன கிழித்துவிடுவேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை, ஆனாலும் பக்கத்தில் இல்லையே என்று அடித்துக்கொள்கிறது மனசு.

நேற்று மத்தியானம் உங்கள் கல்லூரி ஆபீஸ் அம்மாவே திரும்பக் கூப்பிட்டார். சாவி விஷயமாக இருக்கும் என்று ஆசையாக எடுத்தேன். சாவி இன்னும் தெரியவில்லையாம். நான் போனில் கிழக்கு வாசலைப் பற்றிக் கேட்டதை அவர் மேலே சொல்லியிருக்கிறார், அங்கேயும் விதியை மாற்றச் சொல்லிவிட்டார்கள், அவரிடமே. "நீங்களும் காலேஜ் ஆபீஸ்னு அன்னிக்குச் சொன்னீங்களே மேடம், புதுசா எழுதிக்கிட்டு இருக்கோம்னீங்க. முடிஞ்சதும் எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்களேன்" என்றார். சரி மேடம் என்று விலாசத்தைக் குறித்துக்கொண்டேன். இன்றைக்கு அந்த ஒன்றரைப் பக்கம் முதல்வர் கையெழுத்தாகி வந்தது, அதன் காப்பியோடு கூடவே அந்த நர்ஸின் நான்கு வரியையும் கையால் எழுதி வைத்து அனுப்பியிருக்கிறேன், அவர்கள் எதை எடுத்துப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீ நீண்ட ஆயுளோடு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், உன் தலையில் கை வைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள். அப்பாவும் அக்காவும் ஆசி சொல்கிறார்கள், வாலு பல் இல்லாமல் முத்தம் அனுப்புகிறாள். இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் உணவகச் சுவரில் புதிதாக ஒரு விதி ஒட்டுவார்கள். அதைப் படித்துவிட்டுப் பேனாவை அறையில் வைத்துவிட்டு வராதே. அதை அடித்தது உன் அம்மாதான்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா