நீ விற்ற புத்தகம் ஆம்பூருக்கு வந்தது

ஆம்பூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம், நீ மங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய், போனில் பேசினால் பாதியில் எனக்குக் கோபம் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும், இரண்டும் உனக்கு ஆகாது. அம்மாவுக்குக் கால்வலி கொஞ்சம் கம்மி, நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்கிறாள், நான் பார்த்தால் மட்டும் வெட்கப்பட்டு நிறுத்திவிடுகிறாள். பாலாற்றில் நாலு நாள் தண்ணீர் போயிற்று, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. கம்பெனியில் வேலை பரவாயில்லை, ஆர்டர் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு செலக்ஷனில் தோலைத் தரம் பிரிக்கிறாரே நயீம் பாய், அவர் மகள் ஷாயிஸ்தா இந்த வருஷம் நீ படிக்கும் அதே பிசியோதெரபியில் வேலூரில் சேர்ந்து, தினமும் இங்கிருந்தே போய்வருகிறாள். புதுப் புத்தகத்தின் விலையைக் கேட்டுவிட்டு பாய், “இன்னா கிருபா, ஒரு புக்கு நம்ம எக்ஸ்போர்ட் ஷூ வெலைக்குப் போவுதே” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நெட்டில் பழைய புத்தகம் கிடைக்கும், நான் தேடித் தருகிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஆனால் அவர் வீட்டில் உட்கார்ந்து ஷாயிஸ்தாவின் போனில் இரண்டு கிழவர்களும் தேடுவோம். தோலைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தோம், புத்தகக் கம்பெனி போட்ட படத்தையே போட்டு விற்கிறவனைத் தள்ளினோம், புத்தகத்தை வீட்டில் வைத்துத் தானே படம் எடுத்தவனை மட்டும் எடுத்தோம், எந்த வருஷப் பதிப்பு, பக்கம் கிழிந்திருக்கிறதா, கடைசிப் பக்கத்தைக் காட்டு என்று கேட்டோம், பாதிப் பேர் பதிலே போடவில்லை. நாலாம் நாள் உடற்கூறியல் புத்தகம் ஒன்று வந்தது, பழுப்புத் தோல் உறையோடு. விற்கிறவர் பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து. படத்தைப் பெரிதாக்கினேன். உறையின் மூலையில் மூன்றாகப் பிரிந்த முள் கீறல். அந்த வெள்ளாட்டுத் தோலை அந்தக் கீறலுக்காகக் கழித்துப் போட்டது நான், அதைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்து நீ கல்லூரிக்குப் போகும்போது உறை தைத்துப் போட்டதும் நான். மனுஷர் முகம் மறந்தாலும் தோலில் இருக்கிற தழும்பு எனக்கு மறக்காது, முப்பது வருஷமாக அதுதானே பிழைப்பு.

உன் புத்தகத்தை எவனோ திருடி விற்கிறான் என்றுதான் என் புத்தி போனது. நீ விற்பாய் என்று தோன்றவே இல்லை பார். எனக்குத் தெரிந்த கம்பெனி இங்கிலீஷில், திருட்டுப் புத்தகம் விற்க வெட்கமாக இல்லையா, போலீசுக்குப் போவேன் என்று ஷாயிஸ்தா பேரிலேயே தட்டிவிட்டேன். உனக்கு வந்த அந்த மிரட்டல் அப்பா எழுதியதம்மா, மன்னித்துக்கொள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. இது என் சொந்தப் புத்தகம், படிப்பை நிறுத்தப்போகிறேன், அதனால் விற்கிறேன் என்று எழுதியிருந்தாய். கீழே பார்த்தால் இந்த வருஷப் புத்தகங்களும் சேர்த்து இன்னும் ஐந்து விற்பனைக்கு இருந்தன. பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார், புத்தகம் கைமாறிப் போய்விடக்கூடாதே என்று உடனே விலை பேசினார், பழக்கதோஷத்தில் பாதி விலைக்குக் கேட்டார். நீ மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டாய். கேட்ட விலைக்கு உடனே தலையாட்டுகிறவன் கடையை மூடப்போகிறவன் என்று தோல் மண்டியில் சொல்வோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன், நன்றாகப் போகிறது அப்பா என்றாய். போனை வைத்ததும் நான் குதித்தேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே, “புள்ள நம்மகிட்டயே பொய் சொல்லுதுன்னா, நெஜத்தச் சொல்ல நாம எடம் குடுக்கலன்னு அர்த்தம்” என்றாள். யோசித்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. உன் ஒவ்வொரு பரீட்சைக்கும் சபையில் எழுந்து நின்று உன் பேரைச் சொல்லி ஜெபம் கேட்டவன் நான். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன்கூட டாக்டரம்மா எப்படி இருக்காங்க என்று விசாரிக்கிறார், அப்படிக் கூப்பிட வைத்தவனும் நான்தான். போன வருஷம் ஒரு பேப்பர் போய்விட்டது என்று நீ அழுதபோது, பரவாயில்லை அம்மா என்று சொல்ல வேண்டியவன், யாரிடமும் சொல்லாதே என்றேன். நீ சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை, எங்களிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாய்.

புத்தகம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. பார்சலின் மேல் ஆம்பூர் என்று எழுதும்போது உன் கை கொஞ்சம் நின்றதா தெரியவில்லை. பாய் அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, “ரெனிட்டா பாப்பா வாயால சொல்லட்டும், அதுக்கப்பறம் தொடு” என்று மகளிடம் சொல்லிவிட்டார். அவள் லைப்ரரி புத்தகத்தில் சமாளிக்கிறாள், உனக்கு அவசரமில்லை. நானும் அதை உனக்குத் திருப்பி அனுப்பவில்லை, அனுப்பினால் கட்டாயம் படி என்று உத்தரவு போட்ட மாதிரி ஆகிவிடும். இன்னும் எத்தனை பேப்பர் போயிற்று, படிப்பு கஷ்டமா, இல்லை அங்கே வேறு ஏதாவது பேஜாரா, எனக்கு ஒன்றும் தெரியாது. எழுதி முடிக்கலாம் என்றால் முடி, முடியாது என்றால் விட்டுவிடு, அதை நீதான் சொல்லவேண்டும். மீதி ஐந்தையும் மட்டும் எங்களோடு பேசும்வரை விற்காதே. அப்படியே விற்றாலும் பாதி விலைக்குத் தலையாட்டாதே, தோல்காரன் மகள் என்று வெளியே சொல்ல முடியாது.

போன ஞாயிறு சபையில் உன் பரீட்சைக்காக ஜெபம் கேட்கவில்லை, என் மகள் சுகமாக இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டேன். அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள். ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார், நாங்களும் விடமாட்டோம். வீட்டுக்கு வரவேண்டும் போலிருந்தால் டிக்கெட் போட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல், எந்த வண்டியானாலும் ஜோலார்பேட்டையில் வந்து நிற்கிறேன், ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டேன். ஒன்றே ஒன்றை மறக்காதே. வரும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, வகுப்பு நன்றாகப் போகிறது என்று மட்டும் சொல்லாதே அம்மா. வேறு எதைச் சொன்னாலும் அப்பா கேட்டுக்கொள்கிறேன்.

உன் அன்பு அப்பா,
கிருபானந்தம்