அடுக்குமல்லிக்கு நல்ல தண்ணீர்

நாசரேத்
20.3.2025

என் பொன்செல்விக்கு,

மகள் பெனிஷா வீட்டில் சுகமாக இருக்கிறேன். காதுதான் மந்தம். போனில் நீ பேசுவது ஒன்றும் விளங்கவில்லை, அதனால் இனிக் கடிதம்தான்.

வெயில் ஏறிவிட்டதே, என் அடுக்குமல்லி அரும்பு விட்டதா? மே நான்காம் தேதி உன் ஜெபசீலன் அண்ணாச்சி என்னைத் தனியே விட்டுப்போன நினைவு நாள். அவர் கையால் வைத்த செடி அது. இங்கே அவர் கல்லறையில் அந்தப் பூவைத்தான் வைக்க வேண்டும். காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடு.

போர் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே, உப்பு கருக்கிவிடும். பக்கத்து வீட்டில் நீ சாவியோடு இருப்பதால்தான் நான் நிம்மதியாக இருக்கிறேன்.

உன் பிளாரன்ஸ் அக்கா

தூத்துக்குடி
2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வீட்டு இட்லிப்பூ கொத்துக் கொத்தாக நிற்கிறது. வேப்பம்பூ கொட்டுகிற கொட்டில் வாசலைக் கூட்டி மாளவில்லை. அடுக்குமல்லியும் நன்றாக இருக்கிறது. மாத்திரையை மறக்காதீர்கள்.

பொன்செல்வி

தூத்துக்குடி
4.5.2025, காலை

அக்கா,

பொட்டலத்தில் இருப்பது என் வீட்டுச் செடியில் பறித்த பூ. உங்கள் செடி போய்விட்டது. குழாயில் தண்ணீர் வராத ஒரு வாரம் போர் தண்ணீரை ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. இப்போது குச்சிதான் மிச்சம். நன்றாக இருக்கிறது என்று எழுதியது பொய்.

“ஏளா, ரெண்டு பூவும் ஒண்ணு போலத்தான இருக்கு, பேசாம அனுப்பிரு” என்றார் எங்கள் வீட்டுக்காரர். கல்லறைக்குப் போகிற பூவில் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

பொன்செல்வி

நாசரேத்
4.5.2025, மாலை

பொன்செல்வி,

பூ வாடாமல் வந்தது. உன் கடிதத்தைக் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசித்தேன். கோபம் வந்தது. பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் வைத்த செடி பத்து வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டது. அவர் வேலையாக ஆறு மாதம் விசாகப்பட்டினம் போயிருந்தபோது நான்தான் போர் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன். சொல்லப் பயந்து, சுவர் வழியே எட்டி உன் செடியில் ஒரு கிளை வெட்டி அதே இடத்தில் நட்டேன்.

வந்ததும், “செடி சின்னதாத் தெரியுதே” என்றார்.

“வெட்டிவிட்டேன், தழையும்” என்றேன். நம்பிவிட்டார். கடைசி வரை உண்மையைச் சொல்லவில்லை. இன்று உன் பூவை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன்.

சாவி உன்னிடமே இருக்கட்டும். மழை தொடங்கியதும் வருகிறேன். உன் செடியில் எனக்கு ஒரு கிளை வேண்டும். இந்தத் தடவை கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உன் அக்கா
பிளாரன்ஸ்