இரண்டு விரல் உயரம்

மாப்பிள்ளை,

இன்று காலை பழனிசெட்டிபட்டி டீச்சர் வீட்டு மருதாணி வேலியை வெட்டினேன். நறுக்கிய இலையின் வாசமும் வெட்டு மிஷினின் பெட்ரோல் வாசமும் கலந்து வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டேன். எதிர்மூலையிலிருந்து நீ வெட்டிக்கொண்டு வர வேண்டிய நேரம் அது. நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. என் உடம்புக்கு இன்னும் அது புரியவில்லை.

எந்த வீட்டு வேலியானாலும் நான் கேட் பக்கம், நீ கடைசி மூலை. நடுவில் சந்தித்தால் டீ. யார் முதலில் வருவது என்று போட்டி வேறு. தோற்றால் மிஷினைக் குறை சொல்வாய், ஜெயித்தால் மிஷினை மறந்துவிடுவாய். கயிறு கட்டி மட்டம் பார்க்கலாம் என்றால் கோபம் வரும். உன் கண் போதுமாம்.

அந்தக் கண்தான் சர்க்கரையில் மங்கத் தொடங்கியது. நீ சொல்லவில்லை. வேலியைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். உன் பாதி எப்போதும் இரண்டு விரல் உயர்ந்து நின்றது. சொல்லிவிட்டால் மறுநாள் உன் ஊர் காமயகவுண்டன்பட்டியில் நீ வேலைக்கு பஸ் ஏற மாட்டாய். வீட்டில் உட்கார்ந்தால் ஒடிந்துபோவாய். அதற்குத்தான் பயந்தேன். நீ கை கழுவப் போகும் நேரத்தில், சத்தம் கேட்காமல் இருக்கக் கைக்கத்தரியை எடுத்து, இலையைத் தட்டிவிடுகிற பாவனையில் உன் பாதியை மட்டம் செய்துவிடுவேன். இரண்டு வருடம் உன்னை இப்படி ஏமாற்றினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கடைசியாக நாம் சேர்ந்து வெட்டியதும் இதே வேலிதான். அன்று நீ சீக்கிரம் திரும்பிவிட்டாய். கத்தரியும் கையுமாக நான் மாட்டிக்கொண்டேன். நீ சிரித்தாய்.

“ஏலே, கண்ணு தெரியலைன்னுதான் வேணும்னே கூட விடுறேன். கூடுனா நீ வெட்டிக்கிருவ. கொறைச்சு வெட்டிட்டா எங்கன போயி ஒட்ட வைக்க?”

இரண்டு வருடமும் கை கழுவ உனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று நீ சீனி போட்ட டீ வாங்கிக் குடித்தாய். எப்போதும் திட்டுகிற நான், அன்று திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும், மாப்பிள்ளை.

இன்று உன் பாதியையும் நானே வெட்டினேன். மிஷின் தானாக இரண்டு விரல் தூக்கிக்கொண்டே போனது. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, ஒரு பக்கம் உயரமாக இருக்கிறதே என்றார். டீ குடித்துவிட்டு வந்து சரிசெய்கிறேன் என்றேன்.

கடையில் தனியாக நின்று குடித்தேன். திரும்பி வந்து, மிஷினைத் தொடாமல், கைக்கத்தரியை எடுத்துக்கொண்டு உன் பாதிக்குப் போனேன். இனி எந்த வேலிக்குப் போனாலும் உன் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவேன். பின்னால் வந்து சரிசெய்ய நான் இருக்கிறேன்.