எம். அமுதாவின் அம்மாவுக்கு

நேற்று சாயங்காலம் மாவு மில்லுக்குப் போயிருந்தேன், அமுதாம்மா. எனக்கு முன்னால் யாரோ கல்யாண வீட்டுக்கு மிளகாய் அரைக்கக் கொடுத்திருந்தார்கள். மெஷினில் மிளகாய் விழுந்ததும் காத்திருந்தவர்கள் எல்லாரும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் மட்டும் உள்ளேயே நின்றேன். தும்மல் மேல் தும்மல், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஆனாலும் நகர மனசு வரவில்லை. மில்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மிளகாய் நெடியை ஆசையாக உள்ளே இழுக்கிறவளை அவர் இதற்கு முன்னால் எங்கே பார்த்திருக்கப் போகிறார்.

அந்த வாசனை உங்களுடையது. தண்டையார்பேட்டை குடோனில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற வேலை உங்களுக்கு. வேலை முடிந்து நீங்கள் தெருமுனையில் திரும்பினாலே நம் தெரு நாய் தும்மும் என்று உங்கள் மகள் சொல்லிச் சிரிப்பாள். புடவை, பை, பஸ் டிக்கெட், எங்களுக்கு வாங்கி வருகிற பன் ரொட்டி, எல்லாவற்றிலும் அந்த நெடி இருக்கும். பன் ரொட்டியைத் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டு ஓடுவோம்.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். உங்களுக்கு எழுத்து தெரியாது. கரண்ட் பில் வந்தால்கூட நான் வரும்வரை அரிசி டப்பா மேல் எடுத்து வைத்திருப்பீர்கள். இதையும் நானே எழுதி நானேதான் உங்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். பரவாயில்லை, சொல்கிறேன். உங்களிடம் கேட்கப் பயந்த கேள்வி ஒன்று என்னிடம் வெகு நாள் இருந்தது. அதைப் பற்றித்தான்.

உங்கள் மகளும் அமுதா, நானும் அமுதா. ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் எம். அமுதா, நான் எஸ். அமுதா. வருகைப் பதிவில் டீச்சர் வேகமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அது எம்மமுதா, எஸ்ஸமுதா என்று ஆகிவிட்டது. பிறகு தெருவுக்கும் அதுவே பெயர். உங்கள் வீட்டுக்காரர் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். “அந்த ஆளு குட்த்தது இந்த எம்மு ஒண்ணுதான், அதையாச்சும் பத்திரமா வச்சிக்கோ” என்று மகளிடம் சொல்வீர்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லித்தானே தெருவில் தாயைக் கூப்பிடுவார்கள். அதனால் நீங்களும் அமுதாம்மா, என் அம்மாவும் அமுதாம்மா. குழாயடியில் யாராவது அமுதாம்மா என்று குரல் கொடுத்தால் இரண்டு பேரும் குடத்தை வைத்துவிட்டுத் திரும்புவீர்கள். அதில் தினமும் ஒரு சிரிப்பு.

பெஞ்சில் எம்மமுதாவுக்குச் சுவர் ஓரம்தான் வேண்டும். அங்கே தட்டியில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி தெரியும். நான் வாசல் பக்கத்து ஓரத்தில் உட்காருவேன். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். நான் பிழைத்ததற்கு வேறு ஏதாவது காரணம் இருக்குமா என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

புது நூற்றாண்டு பிறக்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. நாங்கள் நான்காவது படித்தோம். வீடாக இருந்ததைப் பள்ளிக்கூடமாக மாற்றிய கட்டடம் அது. மொட்டை மாடியில் ஓலைக் கொட்டகை போட்டு எங்கள் வகுப்பை அங்கே வைத்திருந்தார்கள். மேலே போக ஒரே ஒரு குறுகல் படி. தீ எப்படிப் பிடித்தது என்று பெரியவர்கள் பல நாள் பேசினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்கு மேல் ஓலை சடசடத்ததும், ஒரு டீச்சர் என் பின்னலைப் பிடித்து இழுத்துப் படியில் தள்ளியதும்தான். இறங்குகிறபோது எம்மமுதா பின்னால் வருகிறாள் என்றே நினைத்தேன். எப்போதும் அவள் என் பின்னால்தான் இறங்குவாள்.

வெளியே வந்தவர்களைப் பக்கத்து இரும்புக் கடை பாய் தன் கடைக்குள் உட்கார வைத்தார். ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, கடைப் பையனை அனுப்பித் தெருவில் சொல்லச் சொன்னார். நான் எஸ். அமுதா என்றுதான் சொன்னேன். எனக்கு அப்படிச் சொல்லித்தான் பழக்கம். ஆனால் அந்தக் கூட்டத்திலும் அழுகையிலும் இனிஷியலை யார் நினைவு வைத்துக்கொண்டு போய்ச் சொல்வார்கள். குடோனிலிருந்து ஓடி வந்த உங்கள் காதில் “அமுதா, பாய் கடையில பத்திரமா கீது” என்று மட்டும்தான் விழுந்தது.

நான் சுவரைப் பார்த்து நின்று சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதே யூனிஃபார்ம், அதே ரெட்டைப் பின்னல். பின்னாலிருந்து வந்து என்னை அப்படியே வாரி எடுத்தீர்கள். “அமுதா, அமுதா” என்று என் பிடரியில் முகத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பார்க்காமலேயே கையால் என் முகத்தைத் துடைத்தீர்கள். கழுவாமல் ஓடி வந்த கை. மிளகாய்க் காரம் இரண்டு கண்ணிலும் ஏறி நான் வீறிட்டேன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்னைத் திருப்பினீர்கள்.

அந்த நேரம் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. காதில் விழுந்தது மட்டும் தெரியும். மெல்லிய குரலில், “எஸ்ஸமுதாவா நீ?” என்றீர்கள்.

என்னை அங்கேயே விட்டுவிட்டு நீங்கள் ஓடியிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பாயிடம் தண்ணீர் வாங்கி, புடவையின் உள் மடிப்பை நனைத்து என் கண்ணைத் துடைத்தீர்கள். “வா, உங்கம்மா தேடிகினு இருக்கும்” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடந்தீர்கள். பள்ளிக்கூட வாசலில் என் அம்மா தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். என் கையை எடுத்து அவள் கையில் வைத்தீர்கள். “இந்தா, உன் அமுதா” என்றீர்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் மகளைத் தேடிப் போனீர்கள். அவள் வெளியே வரவேயில்லை. மறுநாள் மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த மாதமே அப்பா எங்களை மணலி புதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, அந்தப் பேரு வாணாம் என்று சொல்லி மாலதி என்று எழுத வைத்தார். அவருக்குப் பயம். அமுதா என்கிற பெயரைத் தேடி வந்து ஒன்றைக் கொண்டுபோன எமன் மற்றதையும் கேட்பானோ என்கிற பயம். அம்மா என்னைத் தவறிக்கூட அமுதா என்று கூப்பிட்டதில்லை. அங்கே எல்லாருக்கும் அவள் மாலதியம்மா. பழைய இடத்தில் உங்களைத் தெருவே வேறு பெயருக்கு மாற்றியது. அமுதாம்மா என்று சொல்ல நாக்கு வராமல், மிளகாக் குடோன் அம்மா என்றார்கள். குழாயடியில் உங்களைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள் என்று பிறகு நீங்களே சொன்னீர்கள்.

புதுப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் தமிழ் டீச்சர், எம் என்றால் எங்கள் என்று பொருள் சொன்னார். எம் ஊர், எம் மக்கள் என்று உதாரணம் எழுதிப் போட்டார். எம்மமுதா என்று நோட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். எங்கள் அமுதா. பக்கத்தில் இருந்தவள் அது யார் என்று கேட்டாள். யாருமில்லை என்று அழித்துவிட்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து, தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அம்மாவோடு நிற்கிறேன். எதிர்ப்பக்கமிருந்து “அமுதா” என்று ஒரு குரல். திரும்பிவிட்டேன். நீங்கள் பாதி ஆளாக இளைத்து, கையைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பி, மாலதி, பஸ் வருது என்றாள். பஸ் வரவில்லை. வந்த பிறகும் நான் ஜன்னல் வழியாக உங்களையே பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு நாள் ஆகியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, கழுத்தில் மாலதி என்று கார்டு மாட்டிக்கொண்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களிடம் வர ஆரம்பித்தேன். நான் வருகிற நாளில் காலையிலேயே கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, தயிர் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருப்பீர்கள். அப்படியும் என் முகத்தைத் தொடமாட்டீர்கள். தோளைத்தான் தொடுவீர்கள். “எரியும்டி” என்பீர்கள். நான் உங்களை அமுதாம்மா என்று கூப்பிடுவேன். உலகத்தில் உங்களை அப்படிக் கூப்பிட என்னை விட்டால் ஆளில்லை. என்னை அமுதா என்று கூப்பிட உங்களை விட்டால் ஆளில்லை. நமக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் அது ஒன்றுதான்.

அந்தக் கேள்வி அங்கேதான் முளைத்தது. முன்பெல்லாம் என்னை எஸ்ஸமுதா என்பீர்கள். இப்போது வெறும் அமுதா. சாப்புடு அமுதா, வெயில்ல வராத அமுதா. நீங்கள் கூப்பிடுவது என்னையா, அவளையா? யாராவது எட்டிப் பார்த்து, உங்க பொண்ணா என்று கேட்டால் இல்லை என்றும் சொல்லமாட்டீர்கள், ஆமாம் என்றும் சொல்லமாட்டீர்கள். “அமுதா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்ப்பீர்கள். அவளுக்கு வைத்த சோற்றைத்தான் நான் தின்கிறேனோ என்று சில நாள் தோன்றும். நான் உங்களிடம் வருவது என் அம்மாவுக்கும் தெரியும். ஒருநாள் வாய்விட்டே கேட்டாள், “அந்தப் பேரச் சொன்னா நீ எதுக்குத் திரும்புற? உன்னப் பெத்தது நானு.”

பிறகு உங்களுக்கு இருமல் வந்தது. மிளகாய் நெடி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது என்று தெருவில் சொன்னார்கள். டாக்டர் வேறு ஏதோ பெயர் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் கடைசியாகப் பார்க்க வந்த அன்று நர்ஸ் சாதாரணமாகத்தான் கேட்டார், யாரும்மா இது, உன் பொண்ணா என்று. நீங்கள் வழக்கமான பதிலைச் சொல்வீர்கள் என்று இருந்தேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள்.

“இல்ல சிஸ்டர். என் பொண்ணு எம்மமுதா. அது சின்னதுலயே பூட்ச்சு. இது எஸ்ஸமுதா.”

பிறகு என்னைப் பார்த்து, “இருட்டப் போவுது. வூட்டுக்குப் போ. உங்கம்மா தேடிகினு இருக்கும்” என்றீர்கள்.

பஸ்ஸில் எனக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு நாள் சேர்த்து வைத்துவிட்டு, சாகப் போகிற நேரத்தில் பிரித்து வைக்கிறாயே என்று உங்களை மனதுக்குள் ஒருமையில் திட்டினேன். சுங்கச்சாவடி தாண்டும்போதுதான் அழுகை வந்தது. நீங்கள் ஒருநாளும் எங்களைக் குழப்பிக்கொள்ளவில்லை. பாய் கடையில் என்னைத் திருப்பிப் பார்த்த அந்த நிமிஷத்துக்குப் பிறகு, நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்துதான் சோறு போட்டீர்கள்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் போய்விட்டீர்கள். குடோன் லோடுமேன்கள் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதில்தான் உங்கள் சொந்தப் பெயரை முதன்முதலாகப் படித்தேன். யாரோ ஒரு பெண்ணின் பெயர் போல இருந்தது, அதை இங்கே எழுதத் தோன்றவில்லை. உங்களையும் மூலக்கொத்தளத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். பெண்கள் எல்லாரும் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அமுதாம்மா என்று ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். மேளச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

இப்போது என்னை அமுதா என்று கூப்பிட யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் துணி துவைக்கிறேன், மில்லுக்குப் போகிறேன். அம்மா கூடவே இருக்கிறாள், ஆனால் அவளோடு பேச முடியாத ஒரே விஷயம் இது.

நேற்று மில்லில் என் டின்னை வாங்கி வைத்துக்கொண்டு மில்காரர் பெயர் கேட்டார். மாலதி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நெடி நெஞ்சு நிறைய இருந்தது. எஸ். அமுதா என்றேன். “அமுதா போதாதா, இனிஷியல் எதுக்கும்மா?” என்றார். இன்னொரு அமுதா இருக்காங்க, மாறிப்போயிடும் என்றேன். அவர் சாக்பீஸால் டின் மூடியில் எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, மெஷின் சத்தத்துக்கு மேலே “எஸ்ஸமுதா யாரும்மா?” என்று கத்தினார். நான்தான் என்று சொல்லிக்கொண்டு போய் வாங்கினேன்.