இரண்டாம் ரோலர் நிற்காத நாள்

திங்கள், 12 அக்டோபர் 1931
விடியற்காலை தூறல். ஊதுவிளக்கை வைத்து இஞ்சின் தலையைச் சூடாக்க இருபது நிமிடம். 7.10-க்குத்தான் கிளம்பியது. கொஞ்ச நேரம் இருமல், கரும்புகை. எனக்கும் அதே கதை. முதுகு.

ஈரத்தில் இஞ்சினையும் ரோலரையும் இணைக்கிற தோல்வார் கீச்சிடுகிறது. குங்கிலியம் தடவினேன். அரை மணி நேரம் சும்மா இருந்தது, பிறகு மறுபடி.

ரப்பர் உருட்டுகிற இந்த ஸ்டோரில் போன வருஷம் பதினொரு பேர். இப்போது என்னோடு சேர்த்து ஐந்து. ரப்பரை வாங்க ஆள் இல்லையாம், உலகம் முழுக்க அப்படித்தானாம். அதற்காகப் பால் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. உறைந்த கட்டிப் பால் தட்டு தட்டாக வந்து நிற்கிறது. ரோலருக்கு இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவர். இரண்டாம் ரோலரில் காளியம்மா. அவளே முன்பக்கம் பாலைக் கொடுத்து, அவளே பின்பக்கம் ஓடிப் போய் சீட்டைப் பிடிக்கிறாள். இஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ராமனைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வேலையும் என் தலையில்.

இரண்டாம் ரோலரின் கம்பு முறிந்து இது மூன்றாவது வாரம். அது இருந்தால் வாரைத் தள்ளி அந்த ரோலரை மட்டும் நிறுத்தலாம். இப்போது நிறுத்த வேண்டுமானால் இஞ்சினையே நிறுத்த வேண்டும். இஞ்சினை நிறுத்தினாலும் பெரிய சக்கரம் உடனே நிற்காது. இன்றும் ஆபீஸ் கணக்கு பார்க்கிற பெரிய கிராணியிடம் (பெ.கி.) கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து சாமான் வரவழைக்கத் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட மாட்டார், இப்போதைக்கு ஓட்டு என்றார். ஓட்டுகிறேன்.

இஞ்சின் புத்தகத்தில் எழுதி வைத்தேன்: கம்பு இல்லை, கேட்டாயிற்று. இது மூன்றாம் முறை.

புதன், 14
மழை இல்லை. 6.40-க்குக் கிளம்பியது. அதிசயம்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்களின் அடுத்த கப்பல் லிஸ்ட் பற்றிப் பேச்சு. யார் சொன்னது என்று தெரியவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நாற்பது பேர் என்கிறான் ஒருவன், பாதித் தோட்டம் என்கிறான் இன்னொருவன். பின்னாலிருந்து யாரோ: "போனா என்னா, அங்க மட்டும் மழ பேஞ்சு கெடக்குதா?"

என் பெண்சாதி செல்லத்துக்கு இதே கவலை. அவள் அப்பா, அம்மா இரண்டு பேரையும் இங்கேதான் புதைத்தோம், பெக்கோக் போகிற வழியில். ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. எனக்கு ஒரு தம்பி. பதினான்கு வருஷமாகக் கடிதம் கிடையாது.

வாங்க பாக்கி: ஊதுவிளக்குக்கு வாஷர். சட்டைப் பொத்தான். முதுகுக்குத் தைலம்.

வெள்ளி, 16
காளியம்மாவின் கை ரோலரில் போய்விட்டது. காலை ஒன்பது இருக்கும். வலது கை.

நான் பின்னால் தண்ணீர்க் குழாயடியில். ஓடி வந்து இஞ்சினை நிறுத்தினேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் மேல் விழுந்து பிடித்தேன், நிற்கவில்லை. நின்ற பிறகும் கை வெளியே வரவில்லை. சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டியிருந்தது. நான்தான் சுற்றினேன்.

அவள் புருஷன் வீரனைப் பால் வெட்டுக் காட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். வாளியோடு வந்து நின்றான். கீழே வைக்கவே தோன்றவில்லை அவனுக்கு.

டாக்டர் சாயங்காலம் காரில் வந்தார். கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

சாப்பிடவில்லை.

சனி, 17
ஸ்டோர் மூடல். நேற்று உருட்டாத பால் தட்டிலேயே நாறுகிறது.

மத்தியானம் தோட்டத்து ஆஸ்பத்திரி. மருந்து கட்டுகிற டிரசர் ஐந்து நிமிடம் என்று உள்ளே விட்டார். காளியம்மா விழித்திருந்தாள். எப்போதும் ஏதாவது கேலி பேசுகிற வாய். போன வாரம்கூட இஞ்சினுக்குக் கஷாயம் வைத்துக் கொடுங்கள் என்றாள். இன்று முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஏண்ணே நிக்கல?" என்றாள்.

கம்பைச் சொன்னேன். முறிந்தது, கேட்டது, வராதது. அவள் கேட்டது அதுவா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். டிரசர் போகச் சொன்னார்.

திங்கள், 19
வெயில். 7.00-க்குக் கிளம்பியது. ஒன்றாம் ரோலர் மட்டும்.

பத்து மணிக்கு பெ.கி. ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டார். பதினான்கு வருஷத்தில் முதல் முறை. வியாழக்கிழமை அரசாங்கத்து லேபர் துரை விசாரிக்க வருகிறாராம். மேசையில் ஒரு தாள், இங்கிலீஷ். படித்து அர்த்தம் சொன்னார். காளியம்மா பேச்சு சுவாரசியத்தில் கவனமில்லாமல் கை விட்டாள். மிஷினில் கோளாறு எதுவும் இல்லை. இஞ்சின்காரன் தன் இடத்தில் இருந்தான், உடனே நிறுத்தினான். கீழே என் கையெழுத்துக்கு இடம்.

அவள் பேசவில்லை ஐயா, ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தாள் என்றேன். இஞ்சின் புத்தகத்தில் கம்பு பற்றி எழுதியிருக்கிறதே என்றேன். அந்தப் பக்கங்களைப் புதிதாக எழுதிவிடலாம், எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

பிறகு குரலைத் தணித்து: "முத்தையா, இதுல கையெழுத்துப் போட்டா நீ எங்க இருந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இல்லன்னா முதல்ல அதத்தான் கேப்பாங்க. லிஸ்ட்டு இன்னும் முடியல, பாத்துக்க."

கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆள். துரைக்கு மேலே லண்டனில் யாரோ. அவர்களுக்கு மேலே யார் என்று தெரியவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். புத்தகத்தை ஸ்டோரில் வைக்கவில்லை. வீட்டில் அரிசிப் பானைக்குள்.

செவ்வாய், 20
தூறல். இஞ்சின் ஓடியது. எத்தனை மணிக்கு என்று பார்க்கவில்லை.

செல்லத்திடம் நேற்றே சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிடுங்கள், போன விரல் வரப் போகிறதா, நாமும் தெருவில் நிற்க வேண்டுமா என்றாள். தப்பாகச் சொல்லவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்று கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வந்து பாத்திரத்தை வெகு நேரம் கழுவினாள். கடைசியில் அவளே: "ஊட்டி விட்டுட்டு வந்தேன். அவளுக்கு இடது கையில கொண்டை போடத் தெரியல, அதையும் போட்டு விட்டேன். நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க."

இன்னொன்று. எழுதாமல் நான்கு நாள் ஓட்டினேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அன்று குழாயடியில் நிற்கும்போது சத்தம் கேட்டது. வார் கீச்சிடுகிறது என்று நினைத்தேன். வாரமெல்லாம் கீச்சிட்டுக்கொண்டிருந்ததே. வாளி பாதிதான் நிறைந்திருந்தது. நிறையட்டும் என்று நின்றேன். இன்னொரு நடை நடக்க உடம்பில் தெம்பு இல்லை. அவ்வளவுதான் காரணம். இரண்டாவது தடவை கேட்டபோதுதான் ஓடினேன்.

முதல் சத்தத்துக்கே ஓடி வந்திருந்தால் விரல் மிஞ்சியிருக்குமா? தெரியவில்லை. ஒருவேளை ஒன்றிரண்டு.

வியாழன், 22
காலை பெ.கி.யிடம் போய், கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தலையை நிமிர்த்தாமல், சரி போ என்றார்.

லேபர் துரை பதினொரு மணிக்கு. சின்ன வயது, மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. தமிழ் பேசினார், புத்தகத்தில் இருக்கிற மாதிரி. எங்கள் துரை பக்கத்தில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விபத்து நடந்தபொழுது நீ எங்கே இருந்தாய்?"

"பின்னால, தண்ணி பிடிக்கப் போயிருந்தேன் துரை. அதுக்கு இருந்த ஆள நிறுத்திட்டாங்க."

"இந்த யந்திரத்தைத் தனியாக நிறுத்த வழி உண்டா?"

"இருந்துச்சு. முறிஞ்சு போச்சு. மூணு தடவ கேட்டேன்."

இஞ்சின் புத்தகத்தை நீட்டினேன். மூன்று இடத்தையும் விரல் வைத்துப் படித்தார். தேதிகளைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் துரை முகம் சிவந்து வெளியே போய் சுருட்டுப் பற்ற வைத்தார்.

வாளியைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப் போனேன்.

சனி, 24
காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் வாசித்தார்கள். நான் இன்று முதல் புல்வெட்டு. இஞ்சினைப் புகைக்கூடத்து சின்னையா பார்ப்பானாம். அவனுக்கு ஊதுவிளக்கையே சரியாகப் பிடிக்கத் தெரியாது. சாவியைக் கொடுத்தேன். வெளிப்பக்க எண்ணெய்க் கிண்ணத்தை மறக்காதே என்று மட்டும் சொன்னேன்.

கை இரண்டும் கொப்புளம். பதினோரு வருஷம் இஞ்சினில் இருந்தவனுக்குப் புல்வெட்டுக் கத்தி பிடிக்க வரவில்லை. பக்கத்து நிரையில் ஒரு கிழவர்: "மெதுவா வெட்டுப்பா, புல்லு எங்கயும் ஓடாது."

பெ.கி. வழியில் பார்த்து நின்றார். லிஸ்டில் என் பேர் இல்லை என்றார். லேபர் துரை எழுதிவிட்டுப் போயிருப்பதால் இப்போதைக்குத் தொட மாட்டார்களாம். காளியம்மாவுக்குத் தோட்டம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாராம்.

ஆனால் காளியம்மா, வீரன் இருவர் பேரும் லிஸ்டில் இருக்கிறது. கை இல்லாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று துரை கேட்டாராம்.

திங்கள், 2 நவம்பர்
ஒரு வாரம் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது. புல், மழை, அட்டை, புல்.

சிங்கப்பூரிலிருந்து கம்பு வந்துவிட்டது. மாட்டி, ரோலருக்கு முன்னால் கம்பிவலையும் அடித்தாயிற்றாம். இரண்டு பேரைத் திரும்ப ஸ்டோருக்கு எடுத்திருக்கிறார்கள். சின்னையா காட்டு வழியில் வந்து சொன்னான். சந்தோஷமாகச் சொன்னான். நல்லது என்றேன். நல்லதுதான்.

செல்லம் காளியம்மாவுக்கு ரவிக்கை தைக்கிறாள். பொத்தான் இல்லாமல், முடிச்சுக் கயிறு வைத்து, ஒரு கையால் இழுத்துக் கட்டுகிற மாதிரி.

வியாழன், 5 நவம்பர்
விடாத மழை. புல்வெட்டு இல்லை. கப்பலுக்குப் போகிறவர்களை லாரியில் லாபிஸ் ஸ்டேஷனுக்கு ஏற்றினார்கள். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

மூட்டை, தகரப்பெட்டி, கோழிக்கூண்டு. கோழியைக் கப்பலில் ஏற்ற விட மாட்டார்கள் என்று யாரோ சொல்ல, கூண்டோடு ஸ்டேஷன் கூலிக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாள் ஒரு அம்மா. ரயில் ஒரு மணி நேரம் தாமதம்.

வீரன் தேநீர் வாங்க ராவுத்தர் கடைக்குப் போனான். காளியம்மா பெஞ்சில், கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு. புது ரவிக்கை. பக்கத்தில் உட்கார்ந்தேன். வலி இருக்கிறதா என்றேன். இல்லாத விரல்தான் வலிக்கிறது என்றாள்.

இனி எப்போது சொல்வது.

"காளியம்மா, அன்னிக்கு நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சு. வார் கீச்சுதுன்னு நெனச்சேன். வாளி நெறையட்டும்னு நின்னுட்டேன்."

திரும்பிப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம்?"

"பாதி வாளி."

திட்டுவாள் என்று இருந்தேன், அழுவாள் என்று இருந்தேன். பெட்டியின் கயிற்றை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

வீரன் இரண்டு குவளையோடு வந்தான். மழையில் தலையெல்லாம் நனைந்திருந்தது. அவள் தன் குவளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை. பிறகு அவனிடம்:

"அண்ணனுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

போனான். வாங்கி வந்தான். குடித்தேன்.